அப்பாவுக்கு வாசித்துக் காட்டியது

குஸ்கோ, பெரு
28.04.2014

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்துவிட்டேன். நீங்கள், அத்தான், மிதுஷா, அப்பா எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்த நகரம் மூவாயிரத்து நானூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டாவோஸைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே. டாவோஸில் வளர்ந்தவன், எனக்கு மலை புதிதல்ல என்று விடுதிக்காரியிடம் பெருமையடித்தேன். அன்று பின்னேரமே மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே கொக்கா இலை போட்ட தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

வீட்டில் இருக்கிற பழைய தபாலதிபருக்கு ஒரு புதினம் சொல்லுங்கள். இன்கா ராச்சியத்தில் தபால் இருந்திருக்கிறது. சாஸ்கி என்று ஓட்டக்காரர்கள். மலைப்பாதை முழுவதும் ஓரிரு மைலுக்கு ஒரு குடிசை. ஒருவன் சங்கு ஊதிக்கொண்டு ஓடிவர, அடுத்த குடிசைக்காரன் எழும்பிக் கூடவே ஓடிச் செய்தியை அவன் வாயால் கேட்டு வாங்கிக்கொண்டு பறப்பான். கடலில் பிடித்த மீன் பழுதாகாமல் ராசாவின் சாப்பாட்டுக்கு வந்து சேருமாம். எழுத்து மட்டும் அவர்களிடம் இருக்கவில்லை. கயிற்றில் முடிச்சுப் போட்டு அனுப்பினார்கள். அந்த முடிச்சுகளை முழுவதுமாக வாசிக்க இன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது.

நான் சொன்னபடி போன் கொண்டுவரவில்லை. பெர்னில் வேலை பார்க்கிற கந்தோரில் ஆறு மாத விடுமுறை, ஒக்டோபர் கடைசியில் திரும்புவேன். உறையின் பின்பக்கத்தில் உள்ள விடுதி விலாசத்துக்கு எழுதினால் எடுத்து வைப்பார்கள். முத்திரை ஒட்டாததை அப்பா கடிதமாக மதிக்கமாட்டார் என்றபடியால் இந்த ஏற்பாடு எல்லோருக்கும் வசதி.

அன்புத் தம்பி,
பாலன்

•

ஃப்ரிபூர்க், சுவிஸ்
17.05.2014

தம்பி பாலனுக்கு அக்கா எழுதிக்கொள்வது,

நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். சுகமா என்று கேட்டாய், அது கீழே வரும்.

உன் கடிதம் பன்னிரண்டு நாளில் வந்தது. நாளை எண்ணியது நானல்ல, அப்பா. உறையை வாங்கி முத்திரையின் பல்லை நகத்தால் தடவிப் பார்த்தார். சீனி வருத்தம் கண்ணைக் கொண்டுபோன பிறகு அவருக்கு வெளிச்சமும் நிழலும்தான் தெரிகிறது. சங்கு ஊதுகிற இடத்தை மூன்று தரம் வாசிக்க வைத்தார். "சங்கு ஊதுறவையோ? கரவெட்டித் தபால்கந்தோரிலை நாங்கள் முத்திரை குத்திற சத்தம்தான் பிள்ளை சந்திவரைக்கும் கேக்கும்" என்று சிரித்தார். டாவோஸ் ஹோட்டலில் இருபது வருடம் கோப்பை கழுவிய மனிதர், தான் தபாலதிபராக இருந்ததை அங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை. உன் புண்ணியத்தில் ஒரு பின்னேரம் முழுவதும் கந்தோர்க் கதை.

பிறகு கேட்டார், "எனக்கெண்டு ஒண்டும் எழுதேல்லையோ?"

நான் என்ன செய்ய? அத்தானுக்கும் மிதுஷாவுக்கும் பிறகு கடைசியில் அவருக்கு ஒரு சொல் போட்டிருக்கிறாய். ஆகவே நானே சேர்த்து வாசித்தேன். அப்பா, மருந்தை நேரத்துக்குப் போடுங்கோ, இனிப்புத் தொடாதேங்கோ, எந்த மலையிலை நிண்டாலும் உங்கட நினைவுதான் என்று. நன்றாகத்தான் எழுதுகிறாய். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சுகத்தைக் கேட்டாயே. வலது கால் சின்னவிரலில் ஒரு புண். புதுச் செருப்புக் கடித்ததாம். ஒரு கிழமை காலுறைக்குள் ஒளித்து வைத்திருந்தார். நான் ஆசுப்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறவள், எனக்குத் தெரிந்த பிரெஞ்சு துவாயும் தலையணை உறையும்தான். அதை வைத்துக்கொண்டு டொக்டருக்குப் போன் எடுத்து நாள் குறித்திருக்கிறேன்.

குளிருக்குக் காதை மூடு.

அக்கா,
புனிதவதி

•

குஸ்கோ
09.06.2014

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எல்லோருடைய தேகசுகத்துக்கும் பிரார்த்திக்கிறேன்.

ஔசங்காத்தே என்ற பனிமலையைச் சுற்றி ஆறு நாள் நடந்துவிட்டு நேற்றுத்தான் வந்தேன். ஐயாயிரம் மீட்டருக்கு மேலே ஒரு கணவாய். இருபது அடி வைப்பேன், நிற்பேன், மூச்சு வாங்குவேன், பிறகு இருபது அடி. அந்த உயரத்தில் வேறு ஒன்றும் நினைக்க முடியாது அக்கா. மூளை அடுத்த அடியை மட்டும்தான் எண்ணும். அப்படி ஒரு நிம்மதியை நான் சுவிஸில் ஒரு நாளும் அனுபவிக்கவில்லை. கணவாயின் உச்சியில் போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஒவ்வொரு கல் வைத்துப் பெரிய குவியலாகக் கிடக்கிறது. என் சாமானைச் சுமந்த குதிரைக்காரர் ஹிலாரியோ எனக்கும் ஒரு கல் தந்தார். "தகப்பன் இருக்கிறாரா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "யார் பார்க்கிறது?" என்றார். அக்கா என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் குதிரையைப் பிடித்துக்கொண்டு முன்னே போய்விட்டார்.

இங்கே ராசாக்கள் செத்தால் புதைப்பதில்லையாம். உடலைப் பதப்படுத்தி, உடுப்பு உடுத்தி, அரண்மனையிலேயே இருத்தி, வேளாவேளைக்குச் சாப்பாடு வைத்து, திருவிழாவுக்குச் சந்திக்குத் தூக்கிவந்து, ராச்சிய அலுவல்களுக்கு யோசனையும் கேட்பார்களாம். எவ்வளவு பெரிய மரியாதை.

புண்ணை டொக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். அப்பாவுக்கு எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒன்றும் வருகிறதில்லை. நீங்கள் சேர்த்து வாசித்தது நல்லதுதான். இனியும் அப்படியே செய்யுங்கள்.

பாலன்

•

ஃப்ரிபூர்க்
28.06.2014

பாலனுக்கு,

நலம் விசாரிப்பை இந்தமுறை கடைசிக்குத் தள்ளுகிறேன். அலுவல் முக்கியம்.

டொக்டரிடம் காட்டியாயிற்று. சின்னவிரல் கறுத்துவிட்டது, பக்கத்து விரலும் நிறம் மாறுகிறது. இப்போதே வெட்டினால் இரண்டு விரலோடு போகும், பிந்தினால் பாதம், இன்னும் பிந்தினால் முழங்கால், அதற்கும் பிந்தினால் ஆளே இல்லை. டொக்டர் என் காலிலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினார். அதை விளங்கிக்கொள்ள எனக்குப் பிரெஞ்சு தேவைப்படவில்லை.

அப்பா சம்மதிக்கிறார் இல்லை. மூன்று பக்கப் படிவம், அவர்தான் கையெழுத்து வைக்கவேண்டும். "பாலன் வந்து வாசிக்கட்டும். அவன் சரியெண்டால் வைக்கிறன்" என்கிறார். ஆசுப்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறா என்று சொன்னேன். யாரென்று கேட்டார். கோயிலடித் தனலட்சுமி. "வேண்டாம். வெள்ளிக்கிழமை பூசைக்கு முதல் என்ர விரல் கோயிலுக்குப் போயிடும்" என்றார். சிரிப்பு வந்தது, பிறகு அழுகையும் வந்தது.

நான் கெஞ்சினேன். அதற்கு அவர் சொன்னது இது. "டாவோஸிலை கொம்மாவுக்கு டொக்டர்மார் சொன்னது எழுதினது எல்லாத்தையும் வாசிச்சுச் சொன்னது ஆர்? பதினாலு வயசிலை ஒரு எழுத்துப் பிழைக்காமல் வாசிச்சவன். அவள் கடைசிவரைக்கும் பயமில்லாமல் இருந்தது அவன்ர வாசிப்பாலை. அவன் வாசிச்சால் பிழை வராது."

நான் அந்த நாளில் ஊரில் இருந்தேன், எனக்கு என்ன தெரியும்? அப்பாவுக்கு உன் வாய்தான் டொக்டரின் வாய்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சேர்த்து வாசி என்று நீ எழுதினாய் அல்லவா, இந்தமுறை கொஞ்சம் கூடிவிட்டது. "யூலைக் கடைசியிலை வாறன் அப்பா" என்று வாசித்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்தால் நீயும் அப்படித்தான் வாசித்திருப்பாய். என்னைப் பொய்க்காரி ஆக்காதே. வா.

செத்த ராசாவுக்கு உடுப்பு மாற்றி, சாப்பாடு வைத்து, யோசனை கேட்டார்களாம். நல்ல சனம்தான். இங்கே ஒருவர் உயிரோடு இருக்கிறார். உடுப்பு மாற்றுவதும் சோறு தீத்துவதும் நான். உன்னிடம் கேட்பது வாசித்துச் சொல்வதை மட்டும்தான்.

அதுவரைக்கும் வியாழக்கிழமை மிதுஷாவைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். பதினாலு வயது, பிரெஞ்சு அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. அவள் எடுத்துச் சொன்னால் கேட்பாரோ பார்ப்போம்.

நீ சுகம்தானே?

அக்கா

•

குஸ்கோ
14.07.2014

அக்காவுக்கு,

எல்லோருக்கும் என் அன்பு.

மிதுஷாவை அந்த அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். அந்த வியாழக்கிழமை போயிருந்தால், இனிமேல் வேண்டாம். தனலட்சுமி அக்கா வாசிக்கட்டும், அத்தான் வாசிக்கட்டும், யாராவது வாசிக்கட்டும். பிள்ளை வாசிக்கக்கூடாது.

நாளை விடிய சொக்கேகிராவ் என்ற மலைநகரத்துக்குப் புறப்படுகிறேன். அங்கிருந்து வில்கபம்பா மலைகளுக்குள். ஒரு மாதம் கடிதம் வராது.

பாலன்

•

ஃப்ரிபூர்க்
29.07.2014

தம்பிக்கு,

உனக்கு நல்ல புத்தி வரட்டும் என்பதுதான் இன்றைக்கு என் நலம் விசாரிப்பு.

ஆறு வரி எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே ஒரு வரியை வெட்டியும் இருக்கிறாய். வெட்டின வெட்டில் மை பின்பக்கம் வந்துவிட்டது. "அப்பா" என்ற சொல் மட்டும் தெரிகிறது. வருவேனோ மாட்டேனோ என்று ஒரு சொல் இல்லை.

மிதுஷா அந்த வியாழக்கிழமை போய்விட்டாள். டொக்டர் பத்து நிமிடம் அவளைப் பார்த்துத்தான் கதைத்தார், அப்பாவைப் பார்த்து அல்ல. அவள் "அம்மப்பா, ரெண்டு விரல்தான், பயப்பிடாதேங்கோ" என்றாள். டொக்டர் அவ்வளவு குறைவாகவா சொன்னார் என்று நான் பிறகு கேட்டேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அன்றைக்கு அவள் சாப்பிடவும் இல்லை. நீ ஏன் வேண்டாம் என்றாய் என்பது அந்த முகத்தைப் பார்த்தபோது கொஞ்சம் விளங்கியது. மிச்சத்தை நீதான் சொல்லவேண்டும்.

அப்பா அவள் தலையைத் தடவி, "மாமா வரட்டும் குஞ்சு" என்றார். அவ்வளவுதான்.

யூலை முடியப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை அத்தானைக் கொண்டு முகம் வழித்தார். நீலச் சேட்டைத் தோய்த்து வைக்கச் சொன்னார். நீ ஜெனீவாவுக்கா சூரிச்சுக்கா வருகிறாய் என்று ஒவ்வொரு நாளும் கேள்வி. எங்கள் வீட்டுக்குக் கீழே ரயில் போகிறது, தெரியும்தானே. ஒவ்வொரு ரயிலுக்கும் அந்த மனிதர் வாசல் பக்கம் திரும்புகிறார். பார்க்க எனக்கு விசர் பிடிக்கிறது. புண்ணைக் கட்டுவது நான், மணத்தோடு இருப்பது நான். நீ மலையில் நின்று மூச்சு வாங்குகிறாய்.

இப்போது பாதத்தின் முன்பாதி என்கிறார்கள்.

கடைசியாகச் சொல்கிறேன். வா. வரமாட்டாய் என்றால், வரமாட்டேன், கையெழுத்து வையுங்கள் என்று உன் கையால் அப்பாவுக்கு எழுது. நீ எழுதியதென்றால் அதையும் கேட்பார். ஒரு சொல்லும் மாற்றாமல் வாசிப்பேன். அம்மாளாணை.

புனிதவதி

•

ஃப்ரிபூர்க்
11.08.2014

பாலன்,

உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. மிதுஷா விடுதிக்கு ஈமெயில் போட்டாள், ஆள் மலையில் என்று பதில் வந்தது.

அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து இப்போதுதான் விட்டிருக்கிறது. இனி முழங்காலுக்குக் கீழே என்கிறார்கள். யூலை போய்விட்டதே அப்பா, அவன் வரவில்லையே, நீங்கள் வையுங்கோ என்று படிவத்தைக் கையில் கொடுத்தேன். "பிளேன் பிந்தியிருக்கும்" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதைக் கண்டதும் எழுது.

அக்கா

•

குஸ்கோ
18.08.2014

அன்புள்ள அக்காவுக்கு,

முந்தாநாள் திரும்பி வந்தேன். உங்கள் யூலைக் கடிதமும் மிதுஷாவின் ஈமெயிலும் காத்திருந்தன. நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு முகமில்லை.

நேற்றுப் போன் கடைக்குப் போனேன். உங்கள் இலக்கத்தை அழுத்திக்கொண்டு போய்க் கடைசி இரண்டு இலக்கத்தில் நிறுத்திவிட்டேன். போனில் அப்பா "வா" என்றால் "வாறன்" என்று சொல்லிவிடுவேன். ஆகவே கடதாசி.

கூட ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். அது அப்பாவுக்கு. அவர் காதால் கேட்கப்போவதால் கதைக்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். அதில் உள்ளது உங்களுக்கும் புதிது. உங்களுக்குத் தனியாக முதலில் சொல்லியிருக்கவேண்டும், எனக்குத் துணிவு வரவில்லை. என்னை எப்படியும் ஏசுங்கள். ஆனால் ஆணையிட்டபடி, ஒரு சொல்லும் மாற்றாமல் வாசியுங்கள். அது மாறினால் அப்பா கையெழுத்து வைக்கமாட்டார்.

பாலன்

(கூட வைத்தது)

அப்பாவுக்கு பாலன்.

அக்கா வாசிக்கிறா. இதெல்லாம் நான் எழுதினது, அவ சேர்த்தது ஒண்டும் இல்லை.

நான் வரமாட்டன் அப்பா. என்னைப் பாத்துக்கொண்டிருக்காதேங்கோ. படிவத்திலை கையெழுத்து வையுங்கோ. இண்டைக்கே வையுங்கோ.

நான் வாசிச்சால் பிழை வராது எண்டு சொன்னீங்களாம். தொண்ணூற்றிமூண்டு ஐப்பசியிலை அந்த டொக்டர் எங்கள் மூண்டு பேரையும் இருத்திவைச்சு என்னைப் பாத்துத்தான் கதைச்சவர். இனி மருந்து இல்லை, ரெண்டு மாதம் அல்லது மூண்டு மாதம், தூரத்திலை பிள்ளையள் இருந்தால் கூப்பிடுங்கோ எண்டுதான் சொன்னவர். எனக்கு எல்லாம் விளங்கினது. அம்மா என்ர வாயையே பாத்துக்கொண்டிருந்தவ. நான் சொன்னன், புது மருந்து வந்திருக்காம், தைக்குள்ளை சுகமாம் எண்டு. அம்மா சிரிச்சவ. நீங்கள் என்ர முதுகிலை தட்டினீங்கள். அதுக்குப் பிறகு உண்மையைச் சொல்ல எனக்குத் தெரியேல்லை.

அம்மா அக்காவுக்கு எழுதினவ, எனக்குச் சுகம் வரும், நீ அவசரப்பட்டு வராதை, சோதனையை எழுது எண்டு. அந்தக் கடிதத்துக்கு முத்திரை ஒட்டினது நான்.

மார்கழியிலை அம்மா போனா. டொக்டர்மார் பிழைவிட்டிட்டினம், பிள்ளை சரியாத்தான் வாசிச்சவன் எண்டு நீங்கள் வாற போற சனத்துக்கெல்லாம் சொன்னீங்கள். இருவத்தொரு வருசமாச் சொல்லுறீங்கள். நான் மலைக்கு வந்தது காட்சி பாக்க இல்லை அப்பா.

நான் வந்தால் நீங்கள் அந்தப் படிவத்தை என்ர கையிலை தருவியள். உங்கட முகத்தைப் பாத்தால் நான் திரும்பவும் நல்லதைத்தான் வாசிப்பன். எனக்கு என்னைத் தெரியும்.

என்னை நம்பாதேங்கோ. டொக்டரை நம்புங்கோ. அக்காவை நம்புங்கோ.

பாலன்

•

குஸ்கோ
14.09.2014

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள், அத்தான், மிதுஷா, அப்பா, எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? நான் சுகம்.

நான்கு கிழமையாகப் பதில் இல்லை. உங்கள் ஓகஸ்ட் கடிதம் வந்தது, காய்ச்சல் என்று எழுதியது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அப்பா ஆசுப்பத்திரியில் இருப்பார், நீங்கள் வேலைக்கும் அங்கேயும் ஓடித்திரிவீர்கள், எழுத நேரம் இருக்காது என்று என்னை நானே சமாதானப்படுத்துகிறேன். அல்லது என்மேல் கோபம். அம்மாவின் விசயத்தை அறிந்தபின் எழுதப் பிடிக்காமல் இருக்கலாம். அது நியாயம்.

அந்தப் பக்கத்தை அனுப்பிய நாளிலிருந்து நான் மலைக்குப் போகவில்லை. ஹிலாரியோ இரண்டு தரம் வந்து கூப்பிட்டார். தேவைப்படவில்லை. இங்கே சந்தையில் உட்கார்ந்து கிழங்கு விற்கிற பெண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன், இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு எனக்கு நித்திரை வருகிறது. கனவில்லாமல் வருகிறது.

அப்பா கேட்டுவிட்டு என்ன சொன்னார்? ஏசினாரா? ஏசியிருந்தால் அதையும் ஒரு சொல் மாற்றாமல் எழுதுங்கள். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்து மட்டும் வைத்திருந்தால் அதுவே எனக்குப் போதும். ஒரு காலோடு என்றாலும் அவர் இருப்பார். இனி அவர் முகத்தைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஒக்டோபர் இருபதாந்திகதிக்கு ரிக்கற் மாற்றிவிட்டேன். நேரே ஃப்ரிபூர்க்குக்கு வருவேன்.

பாலன்

•

ஃப்ரிபூர்க்
05.10.2014

பாலனுக்கு,

சுகம் கேட்கவில்லை. நீயும் இனிக் கேட்காதே.

அப்பா செப்டெம்பர் இரண்டாந்திகதி செவ்வாய்க்கிழமை விடியற்புறம் மோசம்போனார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை மூன்று நாளுக்கு முன் முடிந்தது. மகன் செய்யவேண்டியதை எல்லாம் அத்தான் செய்தார். மகன் எங்கே என்று வந்த சனம் முழுவதும் கேட்டது. மலையில் என்றேன். பனிச்சறுக்கலோ என்று தனலட்சுமி கேட்டா. ஓம் என்றேன்.

உனக்கு ஈமெயில் போடச் சொல்லி அத்தான் நாலு தரம் சொன்னார். நான்தான் மறித்தேன். நீ கடதாசியில்தான் எல்லாம் செய்வாய். உனக்கும் கடதாசியில் வரட்டும் என்று இருந்தேன். உன் செப்டெம்பர்க் கடிதம் வந்தபோது, நீ நித்திரை கொள்ளுகிறாய் என்று வாசித்து, அதைச் சுவரில் எறிந்தேன். பிறகு எடுத்து மடித்து வைத்தேன்.

அப்பா என்ன சொன்னார் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன், இந்தமுறை ஒரு சொல்லும் மாற்றவில்லை.

உன் பக்கம் ஓகஸ்ட் இருபத்தெட்டாந்திகதி வந்தது, வியாழக்கிழமை. மருந்தால் காய்ச்சல் விட்டு அப்பா கதிரையில் இருந்தார். நல்ல தெளிவு. மேசையில் படிவம், அதன்மேல் பேனா. நீ எழுதுவாய் என்று நான்தான் ஆயத்தமாக வைத்திருந்தேன். "வாசி பிள்ளை" என்றார்.

இத்தனை மாதமாகச் சேர்த்து வாசித்துப் பழகியதில் என் கண் எப்போதும் வாய்க்கு நாலு வரி முன்னே போய்விடும். "அப்பாவுக்கு பாலன்" என்று வாய் சொல்லும்போது கண் வரமாட்டன் என்பதைக் கண்டது. அதை வாசித்துவிடுவேன் என்றுதான் இருந்தேன். அதற்குள் கண் அம்மா என்ற சொல்லுக்குப் போய்விட்டது. பிறகு நிற்கவில்லை. முழுப் பக்கத்தையும் சத்தமில்லாமல் வாசித்து முடித்தேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அம்மாவிடம் வரவென்று, கொழும்புக்குப் போக இயக்கத்திடம் பாஸ் எடுத்து, பெட்டி கட்டி, இராசம்மா மாமி கூட வருவதாக இருந்தது. அம்மாவின் கடிதம் வந்தது. "தம்பி டொக்டர் சொன்னதை வாசிச்சுச் சொன்னவன், தைக்குள்ளை சுகமாம், நீ சோதனையை எழுதிப்போட்டு வா" என்று இருந்தது. பெட்டியை அவிழ்த்தேன். சோதனை எழுதினேன். பாஸ் பண்ணினேன். அம்மாவைப் பார்க்கவில்லை. இவ்வளவு நாளும் அதை விதி என்று நினைத்திருந்தேன், பாலன். அது நீ.

"என்ன பிள்ளை நிண்டிட்டாய்?" என்று அப்பா கேட்டார்.

நான் வாசித்தேன். "அப்பா, செப்டெம்பர் பத்தாந்திகதி வாறன். கவலைப்படாதேங்கோ."

இதைத்தான் வாசித்தேன். கையெழுத்து வையுங்கோ என்று நீ எழுதியதையாவது வாசித்திருக்கலாம். அந்த ஒரு வரி போதும், கால் போயிருக்கும், மனிதர் இருந்திருப்பார். என் வாயில் வரவில்லை. மகன் சரியாக வாசித்தவன் என்ற ஒன்றை வைத்துக்கொண்டுதான் அந்த மனிதர் அம்மா இல்லாத இருபத்தொரு வருடத்தையும் தள்ளியவர். அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை என்று அத்தானிடம் சொல்வதுபோல உன்னிடமும் சொல்லலாம். ஆனால் அந்த நேரம் உன்மேல் வந்த ஆத்திரத்தில், நீ எழுதிய ஒரு சொல்லும் இந்த வீட்டில் கேட்கக்கூடாது என்று நினைத்தேனோ, அதுவும் எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கும். நீ அம்மாவைச் சாகவிட்டாய், நான் அப்பாவைச் சாகவிட்டேன். நீயாவது அப்போது சின்னப்பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் திரும்ப ஏறியது. அம்புலன்ஸ் வந்தது. திங்கட்கிழமை அவருக்கு நினைவில்லை, படிவத்தை என்னிடம் நீட்டினார்கள். அந்த மூன்று பக்கத்தையும் நான் வாசிக்கவே இல்லை, கையெழுத்து வைத்தேன். பிந்திவிட்டது.

நீ இருபதாந்திகதி வருவாய். வா. கதவு திறப்பேன், சோறு போடுவேன். மிதுஷாவோடு கதை, அவள் டொக்டர் சொன்னதில் எதை விட்டாள் என்று எனக்கு இன்னும் சொல்லவில்லை, உனக்குச் சொல்லக்கூடும். என்னோடு இதைக் கதைக்க வராதே.

உன் பக்கத்தை அப்பா அன்று என் கையிலிருந்து வாங்கினார். நீ பேனாவை அழுத்தி எழுதுகிறவன், கடதாசியின் பின்பக்கத்தில் எழுத்துப் புடைத்திருக்கும். மேலிருந்து கீழே வரைக்கும் விரலால் தடவிக்கொண்டு போனார். "பக்கம் முட்ட எழுதியிருக்கிறான். நீ ரெண்டு வரிதானே பிள்ளை வாசிச்சனி?" என்றார். மிச்சமெல்லாம் மலையைப் பற்றித்தான் என்றேன்.

"அப்ப மிச்சத்தை அவன் வந்து வாசிக்கட்டும்" என்று நாலாக மடித்து நீலச் சேட்டின் பையில் வைத்தார். ஆசுப்பத்திரிக்கும் அந்தச் சேட்டோடுதான் போனார். பெட்டியில் வைக்கும்போதும் அதைத்தான் உடுத்திவிட்டேன், கடதாசியை எடுக்கவில்லை. பையில் என்ன என்று அத்தான் கேட்டார். மலையைப் பற்றி என்றேன்.

புனிதவதி